மாதாமாதம் மருந்து அடித்தும் பத்தே நாளில் கரப்பான் திரும்பி வருகிறது: உணவக அடுப்படி இழை

#1 கல்லாப்பெட்டி

உணவகச் சமையலறை, சுமார் 30 சதுர மீட்டர். பின்னால் சிறிய சரக்கு அறை. மாதம் ஒருமுறை ஒப்பந்தக்காரர் வந்து ஓரமெல்லாம் மருந்து அடித்துவிட்டுப் போகிறார். முதல் வாரம் அமைதி. பத்தாம் நாள் வாக்கில் மறுபடி தலைகாட்டுகின்றன. இப்போது பட்டப்பகலிலேயே மேசைக்கடி ஃபிரிட்ஜ் பக்கமும் காபி மெஷின் பக்கமும் திரிகின்றன. கை கழுவும் தொட்டியருகே பொடி ஈக்கள் வேறு.

கேள்வி இரண்டு. மாதம் இருமுறை அடிக்கச் சொல்லலாமா? இதைவிடக் காட்டமான மருந்து எது?

#2 பொறிக்கணக்கு

இரண்டுக்கும் ஒரே பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். காட்டம் போதாமல் அவை திரும்பவில்லை.

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். 35–40 மி.மீ. நீளம், செம்பழுப்பு, இரவில் வடிகால் ஜாலி வழியாக ஏறி வருகிறது என்றால் அமெரிக்கக் கரப்பான். அதன் வீடு சாக்கடை. அடுப்படி அதற்குச் சந்தை மட்டும்தான். ஜாலியையும் குழாய் ஓட்டைகளையும் அடைத்து, வெளியே மேன்ஹோலைக் கவனித்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். 12–15 மி.மீ., வெளிர்பழுப்பு, தலைக்குப் பின்னால் உள்ள கவசத்தில் இணையாக இரண்டு கறுப்புக் கோடு என்றால் ஜெர்மன் கரப்பான். அது உள்ளேயே குடித்தனம் நடத்துகிற இனம். நீங்கள் சொல்லும் இடங்களைப் பார்த்தால் இரண்டாவதுதான். கம்ப்ரஸர் சூடு, சொட்டுகிற நீர், 5 மி.மீ.க்கும் குறைந்த இடுக்கு மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன.

இனி அந்தப் பத்து நாள் கணக்கு. ஜெர்மன் பெண் கரப்பான் முட்டைக்கூட்டைப் போட்டுவிட்டுப் போகிற ரகம் இல்லை. பொரிக்கும் நாள் நெருங்கும்வரை மூன்று நான்கு வாரம் வால்முனையிலேயே சுமந்திருக்கும். ஒரு கூட்டில் 30–40 முட்டை. சுமக்கும் காலத்தில் இடுக்கை விட்டு அதிகம் நகராது, தின்பதும் குறைவு. ஓரத்தில் அடித்த மருந்து அதன் காலில் படுவதே அபூர்வம். கூட்டுக்குள்ளிருக்கும் முட்டையைத் தொடவே தொடாது. அலைந்து திரிந்தவை செத்தன, அதுதான் உங்கள் முதல் வார அமைதி. பிறகு குஞ்சு பொரிந்து வருகிறது. இதில் இன்னொரு கோளாறு: பெரும்பாலும் அடிக்கப்படுவது பைரெத்ராய்டு வகை. அதன் பூச்சு பட்ட இடத்தை விட்டு அவை விலகி ஓடும். ஓடுவது வாசலுக்கு அல்ல, பக்கத்துச் சுவர்ப் பொந்துக்கு.

பகலில் தெரிகிறது என்றால் பெரும்பாலும் இடுக்கு நிரம்பி வழிகிறது என்று பொருள்.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. ஒட்டும் அட்டைப் பொறி 20 எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எண், தேதி எழுதி, அடுப்படியின் வரைபடத்தில் அதே எண்ணைக் குறியுங்கள். ஃபிரிட்ஜ் பின்புறம், காபி மெஷின் அடி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இரு பக்கம், தொட்டிகளின் அடி, அடுப்புவரிசைப் பின்சுவர், சரக்கு அறை மூலைகள், கல்லா மேசை. சுவரும் தரையும் சேரும் கோட்டில் அட்டையின் விளிம்பு சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். கரப்பான் நடுத்தரையில் நடப்பதில்லை. மீசை சுவரில் உரச ஓரமாகவே போகும். நான்கு விரற்கடை தள்ளி வைத்த பொறி காலியாகவே கிடக்கும், நீங்களும் ‘பூச்சி இல்லை’ என்று நம்பிவிடுவீர்கள்.

ஏழு இரவு கழித்து எடுத்து எண்ணுங்கள். பெரியது எத்தனை, குஞ்சு எத்தனை, அட்டையின் எந்த வாய்ப்பக்கம் அதிகம் ஒட்டியிருக்கிறது. குஞ்சு தொலைவு போகாது. அது குவிந்திருந்தால் கூடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதிகம் ஒட்டிய பக்கம்தான் அவை வரும் திசை. இந்த ஏழு நாளும் எந்த ஸ்பிரேயும் வேண்டாம்.

#3 நுரைக்குழாய்

ஈக்கள் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘பொடி ஈ’ என்று ஒன்று கிடையாது, அடுப்படியில் மூன்று உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு.

உடம்பெல்லாம் ரோமம், அந்துப்பூச்சியைச் சிறுக்க வைத்தது போல, சிறகு இதய வடிவில் விரிந்து சுவரில் சும்மா உட்கார்ந்திருப்பது வடிகால் ஈ. குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பான பாசிப் படலத்தில் முட்டையிடும்.

செங்கண், பழுப்பு உடல், காய்கனி மேலும் பானக் குழாய் முனையிலும் வட்டமடிப்பது பழ ஈ. நொதித்தது எங்கேயோ அங்கே அது. சூடான இடத்தில் எட்டுப் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மூட்டைக்கடியில் அழுகிய ஒரே ஒரு உருளைக்கிழங்கு, பிழியாமல் வைத்த ஈரமான மாப்பு, பானம் சிந்தி ஊறிய தட்டு, குப்பைத் தொட்டி அடியில் தேங்கிய சாறு இவற்றைத் தேடுங்கள்.

கூன் விழுந்த முதுகோடு, பறப்பதை விட்டு விறுவிறுவென்று ஓடுவது கூன் ஈ. இதைப் பார்த்தால் கொஞ்சம் கவலைப்படலாம். தரைக்கடியில் கழிவுக்குழாய் உடைந்து மண் ஊறியிருக்கும்போது இது மொத்தமாக வரும். எத்தனை வடிகாலைத் தேய்த்தாலும் குறையாது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் தரையை உடைக்க வேண்டும்.

எந்த வடிகால் என்று கண்டுபிடிக்க: இரவு மூடியபின் ஜாலியைத் துடைத்து, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் கீழே இருக்க அதன்மேல் ஒட்டுங்கள். முழுசாக மூடாமல் ஓரத்தில் காற்றுப்போக்கு விடுங்கள். நாலு இரவு எல்லா வடிகாலுக்கும் செய்யுங்கள். ஒரே இரவில் ஒன்றும் ஒட்டவில்லை என்று தள்ளிவிடக்கூடாது. அந்த இரவு புதிதாக எதுவும் வெளிவராமல் இருந்திருக்கலாம்.

#4 சட்டிமுட்டி

பொறி, வரைபடம், ஏழு நாள்... கேக்க நல்லாத்தான் இருக்கு அண்ணே. நாளைக்கு சோதனைக்கு அதிகாரி வர்றார்னா ஏழு நாள் உக்காந்து எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? டப்பாவைத் திறந்து வெச்சா புகை கக்குமே, அதை ராத்திரி நாலு வெச்சுட்டுப் பூட்டிட்டுப் போனா காலையில கூட்டி அள்ளலாம்.

#5 பொறிக்கணக்கு

கூட்டி அள்ளலாம், சரி. அள்ளியது எதை? வெளியே நின்றதை. புகை டப்பாவின் துளிகள் மேலே போய்க் கீழே படியும், 2 மி.மீ. இடுக்குக்குள் திரும்பி நுழையாது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் குடியிருப்புகளில் வைத்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், இந்த டப்பாக்கள் ஜெர்மன் கரப்பானைக் குறைக்கவில்லை. மருந்துப் படிவு மட்டும் தரையிலும் மேசையிலும் தங்கியது. விஷத்தீனி ஜெல் வைத்த வீடுகளில் குறைந்தது. போதாததற்கு டப்பாவிலிருந்து வருவது தீப்பற்றும் வாயு. அணையாத பைலட் சுடர் ஒன்று இருந்தால் போதும்.

நாளைக்கே குறைய வேண்டுமென்றால் வாக்குவம் எடுங்கள். நுண்துகள் வடிகட்டி உள்ளது, மெல்லிய முனை. ஃபிரிட்ஜின் அடிப்பலகையைக் கழற்றி, கேஸ்கட் (கதவு ரப்பர்) மடிப்பு, மோட்டார் அறை, மேசையின் உள்மடிப்பு என்று இழுங்கள். முட்டைக்கூடு, எச்சம், செத்தது எல்லாம் சேர்ந்து போகும். பையை அங்கேயே கட்டி வெளியேற்றிவிட வேண்டும். இயந்திரத்திலேயே விட்டால் ராத்திரி ஏறி வந்துவிடும். சாதாரண வாக்குவம் வேண்டாம், கரப்பான் எச்சத்தூள் பின்வழியே காற்றில் கலந்து ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தும்.

#6 கல்லாப்பெட்டி

எண்ணியாகிவிட்டது. இரண்டு கோடு, ஜெர்மன்தான்.

பொறி 4 (மேசைக்கடி ஃபிரிட்ஜ் பின்புறம்): 63, அதில் 50-க்கு மேல் குஞ்சு. பொறி 9 (காபி மெஷின்): 22. பொறி 6 (பாத்திரத் தொட்டி அடி): 5. மற்றவை 0 அல்லது 1. அடுப்புவரிசையில் ஒன்றுமே இல்லை. மாதாமாதம் அதிகம் மருந்து அடிபட்டது அங்கேதான்.

ஒட்டுநாடாவில் கை கழுவும் தொட்டி வடிகாலில் மட்டும் ரோம ஈ ஐந்து. தரை வடிகால் இரண்டும் சுத்தம்.

எதிர்பாராத ஒன்று: சரக்கு அறைப் பொறி 14-இன் அருகே அரிசியளவு கருப்புப் புழுக்கை, இருமுனையும் கூர்.

#7 பொறிக்கணக்கு

பார்த்தீர்களா, 20 பொறியில் இரண்டே இடம். முப்பது சதுர மீட்டருக்கும் மருந்து வேண்டியதில்லை, ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத்தான் வேலை.

ஜெல் வைக்கும் முறை. வைக்கும் இடத்தை வெந்நீரும் கிரீஸ் நீக்கியும் கொண்டு துடைத்து, நன்றாக அலசி, உலர விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் ஜெல் நிற்காது. அதைவிட முக்கியம், பக்கத்திலேயே பிசுக்கு இருந்தால் அவை ஜெல்லைத் திரும்பிப் பார்க்காது. பழைய ஸ்பிரே பட்ட இடமென்றால் சோப்பு நீரில் கழுவியே ஆகவேண்டும். பைரெத்ராய்டு படிந்த தளத்தில் வைத்த ஜெல்லைக் கரப்பான் தொடாது. ஜெல் வைத்த மறுநாள் ஒப்பந்தக்காரர் ‘கூடவே கொஞ்சம் அடித்துவிடுகிறேன்’ என்பார்; அந்தக் கொஞ்சம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

அளவு: ஒரு மிளகு. ஒரே இடத்தில் கோலிக்குண்டு அளவு பிதுக்குவதைவிட மிளகு மிளகாகப் பன்னிரண்டு இடம் மேல். குஞ்சு மூன்றடிக்கு மேல் நடக்க யோசிக்கும், ஜெல்தான் அதன் வாசலுக்குப் போகவேண்டும். ஃபிரிட்ஜுக்கு: மின்செருகியைப் பிடுங்கிவிட்டு அடிப்பலகையைக் கழற்றுங்கள். மோட்டார் அறையின் நான்கு மூலை, கதவுக் கீல் இடுக்கு மேலும் கீழும், வயர் உள்ளே நுழையும் துளையின் ஓரம், பின்தகடு சட்டத்தோடு சேரும் மடிப்பு. கம்ப்ரஸர் உடம்பிலும் சூடான குழாயிலும் வைக்கவேண்டாம், ஒரே நாளில் காய்ந்து கல்லாகும். கேஸ்கட் மடிப்பிலும் உணவு படும் பரப்பிலும் கூடவே கூடாது. அங்கே பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பதோடு சரி. மொத்த அளவுக்கு டப்பா லேபிள்தான் சட்டம்.

மூன்றாம் நாள் பாருங்கள். தின்று தீர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி வையுங்கள். தொடாத இடத்தில் தொடமாட்டா, வேறு இடுக்கு தேடுங்கள். ஏழாம் நாள், பதினாலாம் நாள் மறுபடி. செத்த கரப்பானை உடனே பெருக்கி எறிய அவசரப்படாதீர்கள் (உணவுப் பரப்பில் கிடந்தால் வேறு கதை): ஜெல் தின்றதன் எச்சத்தையும் பிணத்தையும் மற்றவை தின்னும், முக்கியமாக வெளியே வராத இளங்குஞ்சுகள். விஷம் உள்ளே போக அதுவே வழி.

மூன்று மாதத்துக்கொருமுறை மருந்தின் மூலப்பொருளை மாற்றுங்கள். பிராண்டை மாற்றினால் போதாது; இரண்டு பிராண்டிலும் ஃபிப்ரோனிலே இருக்கும். லேபிளைப் பார்த்து ஃபிப்ரோனில், இண்டாக்ஸாகார்ப், இமிடாகுளோபிரிட், ஹைட்ராமெதில்னான் என்று வகை மாற வேண்டும். ஜெல் நன்றாக இருந்தும் வாய்வைக்கவே இல்லை என்றால் இனிப்பைச் சந்தேகப்படலாம். சில கூட்டங்களுக்கு குளுக்கோஸ் கசக்கும். ருசி உணரும் நரம்பே மாறிவிட்டதை 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். அப்போது மூலப்பொருளோடு தீனிக் கலவையும் மாறவேண்டும்.

கூடவே வளர்ச்சித் தடுப்பி: பைரிப்ராக்ஸிஃபென் அல்லது ஹைட்ரோப்ரீன். கொல்லாது, குஞ்சு முதிர்ந்து இனம் பெருக்குவதைக் கெடுக்கும். சூடான அடுப்படியில் குஞ்சு பெரிதாக இரண்டு மாதம் போதும், அதனால் இதன் பலன் இரண்டாம் மாதத்தில்தான் பொறியில் தெரியும். முதல் வாரம் பார்த்துவிட்டு ‘பயனில்லை’ என்று தூக்கி எறிகிறவர்களே அதிகம்.

மருந்தைவிடக் கெட்டிக்காரத்தனம் தண்ணீரை நிறுத்துவது. தின்னாமல் வாரக்கணக்கில் தாங்கும் பூச்சி, நீரில்லாமல் இரண்டு வாரம் தாங்குவதே கடினம். ஃபிரிட்ஜ் சொட்டுத்தட்டு, காபி மெஷின் வடிதட்டு, இரவில் ஈரத்தோடு கிடக்கும் துடைதுணி, தொட்டியில் ஊறும் பாத்திரம். கடைசியாக விளக்கணைப்பவர் பார்க்கவேண்டியது இந்த நாலும்தான்.

#8 சட்டிமுட்டி

போரிக் பவுடரை விட்டுட்டீங்களே. ஓரமெல்லாம் கோலம் மாதிரி போட்டு வெச்சா காலத்துக்கும் நிக்கும்.

#9 பொறிக்கணக்கு

கோலம் போட்டால் அதைச் சுற்றிப் போகும் தம்பி. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாக இருந்தால்தான் மேலே நடக்கும், காலில் ஒட்டும், நக்கும், சாகும். அதுவும் சுவர்ப் பொந்து, மேசைக்காலின் உட்குழல் மாதிரி மூடிய, உலர்ந்த இடத்தில் மட்டும், சிறிய காற்றுக்குப்பியால் ஊதி. ஈரம் பட்டால் கட்டியாகிப் பயனற்றுப் போகும். உணவு மேசைக்கடியில் திறந்து தூவுவது மாவோடு கலக்கத்தான் வழி.

#10 பூட்டுச்சாவி

பொறி 14 புழுக்கைக்கு வர்றேன். அரிசியளவு, 3–6 மி.மீ., முனை கூர்னா சுண்டெலி. மொச்சைக்கொட்டை மாதிரி 18–20 மி.மீ., முனை மழுங்கியிருந்தா சாக்கடை எலி. கூரை எலியோடது 12 மி.மீ. பக்கம், நடுவுல வளைஞ்சு முனை கூரா இருக்கும். புதுசு பளபளன்னு மெத்துனு இருக்கும், பழசு தொட்டா பொடியும். ஒண்ணு முக்கியம்: துடைப்பத்தால பெருக்காதீங்க. கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டுக் காகிதத்துல அள்ளி எறியுங்க. காஞ்ச புழுக்கைத் தூள் மூக்குக்குள்ள போறதுதான் ஆபத்து.

சுண்டெலிக்கு 6 மி.மீ. ஓட்டை போதும். பென்சில் நுழைஞ்சா அதுவும் நுழையும். பெரிய எலிக்கு 12 மி.மீ. பக்கம். பகல்ல சரக்கு அறைக்குள்ள விளக்கை அணைச்சுட்டு நின்னு பாருங்க, வெளிச்சம் எங்க கசியுதோ அதெல்லாம் வாசல். கதவடி, கேஸ் குழாய் சுவர்ல நுழையற வட்டம், ஏசி வயர், எக்ஸாஸ்ட் விசிறியோட ஷட்டர் ஒட்டாம நிக்கிற மூலை.

அடைக்கறதுல தப்பு நடக்கறது இங்கதான். பொங்கற நுரையை மட்டும் பீய்ச்சிட்டுப் போயிடுவாங்க. நுரை எலிக்குப் பஞ்சு மிட்டாய் மாதிரி, ஒரே ராத்திரியில குடைஞ்சுடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பஞ்சையோ செம்பு வலையையோ இறுக்கித் திணிச்சு, அதுமேல சிமெண்ட் இல்லன்னா சீலண்ட். சாதா இரும்புப் பஞ்சு ஈரத்துல துருவாகி உதிர்ந்துடும். கதவடிக்கு உலோகப் பட்டையோட வர்ற பிரஷ், ரப்பர் மட்டும்னா கடிச்சுடும். காற்றோட்டத் துளைக்கு 6 மி.மீ.க்கும் சின்னக் கண் உள்ள கம்பி வலை. ஆனா ஒண்ணு: உள்ள இருக்கறதைப் பிடிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அடைச்சுட்டா உள்ள மாட்டினது கண்ட இடத்தையெல்லாம் கடிக்கும். பொறி முதல்ல, கடைசி ஓட்டை கடைசியா.

பொறி: அடிக்கற வகை ஸ்னாப் பொறி, குறைஞ்சது பன்னிரண்டு வேணும். ரெண்டு வெச்சுட்டு ரெண்டு மாசம் காத்திருக்கறதைவிட பன்னிரண்டு வெச்சு ஒரே வாரத்துல முடிக்கறது நல்லது. சுவருக்குச் செங்குத்தா, தீனி வைக்கிற முனை சுவர்ப் பக்கம். ரெண்டு மூணு மீட்டர் இடைவெளி, புழுக்கை தெரியற இடத்துல நெருக்கம். தீனி பயறளவு கடலை வெண்ணெய் போதும், குவிச்சா அடிபடாம நக்கிட்டுப் போயிடும். சுண்டெலி ஆர்வக்கோளாறு, புதுசைத் தேடிப் போய் மூக்கை நீட்டும். பெரிய எலி நேரெதிர்: புதுசைக் கண்டா நாள்கணக்குல விலகும். அதுக்கு மூணு நாலு நாள் விசையைப் பூட்டாம தீனி மட்டும் வெச்சுப் பழக்கி, பிறகு ஒரே ராத்திரியில எல்லாத்தையும் பூட்டணும்.

உள்ள விஷம் வேண்டாம். புரோமடியோலோன், புரோடிஃபாகம் ரெண்டும் ரத்தம் உறையாம ஆக்கற சரக்கு. சாக நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள எலி ஃபால்ஸ் சீலிங்ல போய்ப் படுத்துடும், சாப்பிட உக்காந்தவர் தலைக்கு மேல நாறும். வெளிய வைக்கறதா இருந்தாலும் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள, தரையோட திருகி.

#11 கல்லாப்பெட்டி

பூட்டுச்சாவி அண்ணா, மிக்க நன்றி. ஒட்டும் அட்டையையே எலிக்கும் வைத்தால் என்ன? பெரிய அளவில் கிடைக்கிறதே.

#12 பூட்டுச்சாவி

மாவுத்தூளும் எண்ணெயும் படிஞ்சா ரெண்டு நாள்ல ஒட்டாது. ஒட்டினாலும் உசிரோட மணிக்கணக்கா துடிக்கும், பயத்துல சிறுநீர் கழிக்கும், அதுவும் உங்க சரக்கு அறைக்குள்ள. சில நாடுகள்ல தடையே இருக்கு. பூச்சி எண்ணறதுக்கு அட்டை, எலிக்கு விசை.

#13 சட்டிமுட்டி

சத்தம் போடற கருவி? மனுஷக் காதுக்குக் கேக்காதாம், எலி ஓடிடுமாம். புதினா எண்ணெயும் சொல்றாங்க.

#14 பூட்டுச்சாவி

அந்த ஒலி மூட்டையைத் தாண்டாது, சுவரைத் தாண்டாது. நேர்ல நிக்கிற எலியும் சில நாள்ல பழகிடும். ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லயே அறுபதுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர், விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சது. புதினா எண்ணெய் அடுப்படிக்கு வாசனை கொடுக்கும், அவ்வளவுதான்.

#15 நுரைக்குழாய்

கை கழுவும் தொட்டி வடிகாலுக்கு. பிளீச்சும் கொதிநீரும் ஊற்றி ஓய்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் நடுக்குழாயில் ஓடிப் போய்விடும். படலம் பக்கச்சுவரில் இருக்கிறது, புழு அதற்குள் புதைந்திருக்கிறது.

ஜாலியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைத் தனியாகத் தேயுங்கள் (எல்லோரும் மேற்பக்கத்தைப் பளிச்சென்று வைத்திருப்பார்கள்). குழாய் விட்டத்துக்கு இறுக்கமான நீளப் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றிச் சுழற்றி வெளியே இழுங்கள். கறுப்பு வழவழப்பு வரும். தொட்டி நிரம்பினால் நீர் வழிந்துபோக வைத்திருக்கும் ஓட்டையையும் மறக்கவேண்டாம், பாதி வேளை குடியிருப்பு அங்கேதான். பிறகு, கடை மூடியபின், என்ஸைம் அல்லது நுண்ணுயிர் நுரையைக் குழாய் நிரம்பப் பீய்ச்சிவிட்டு இரவு முழுக்கத் தண்ணீர் விடாதீர்கள். தொடர்ந்து ஐந்தாறு இரவு, பிறகு வாரம் ஒருமுறை. அந்த நாட்களில் பிளீச் ஊற்றினால் நல்ல நுண்ணுயிரும் செத்துவிடும். அமில வகை அடைப்பு நீக்கியும் பிளீச்சும் ஒரே குழாயில் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

ஏற்கெனவே பறப்பவை இரண்டு வாரம் உயிரோடிருக்கும். ‘தேய்த்தும் பறக்கிறதே’ என்று மூன்றாம் நாளே சலித்துக்கொள்ளாமல் நாடாவை மறுபடி ஒட்டிப் பாருங்கள். வடிகாலிலிருந்து புதிதாக வருவது நின்றதா என்பதுதான் அளவுகோல். பயன்படுத்தாத தரை வடிகால் இருந்தால் வாரம் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள்: ட்ராப்பில் (நீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவு) நீர் வற்றினால் சாக்கடையும் அடுப்படியும் ஒரே அறைதான், அமெரிக்கக் கரப்பானுக்கும் அதே பாதை.

வீட்டு ஈக்கு விளக்குப்பொறி மாட்டுவீர்கள் என்றால்: அடுப்படியில் ஒட்டும் பலகை உள்ள வகை. படபடவென்று பொசுக்கும் மின்வலை ஈயை வெடிக்கவைத்துத் துண்டுகளைத் தெறிக்கவிடும். சமைக்கும், பரிமாறும் மேசைக்கு மேலே வேண்டாம். திறந்த கதவுக்கு நேரே தெரியும்படி மாட்டினால் வெளியே போகிற ஈயையும் கூப்பிட்டு வருவீர்கள். சன்னல் வெளிச்சத்தோடு போட்டி போடாத சுவரில், ஆளுயரத்தில். குழல் எரிகிறதே என்று விடக்கூடாது: கண்ணுக்குத் தெரியும் நீலம் இருக்கும், ஈயை இழுக்கும் புற ஊதா ஒரு வருடத்தில் தேய்ந்துபோயிருக்கும். வருடாவருடம் மாற்றுங்கள், உடைந்தால் சிதறாத உறையிட்ட குழலாக.

#16 மூட்டைதூக்கி

எல்லாரும் உள்ளே இருப்பதையே பேசுகிறீர்கள். ஜெர்மன் கரப்பான் நடந்து வந்ததல்ல, சரக்கோடு வந்தது. நெளி அட்டைப்பெட்டியின் ஓரத்தை நேராகப் பிடித்துப் பாருங்கள்: இரண்டு தாளுக்கு நடுவே வரிசையாகக் குழல். சூடு, இருட்டு, தின்னப் பசை. கரப்பானுக்கென்றே செய்த வீடு. பெட்டியை வாசலிலேயே பிரித்து, பொருளைப் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி, அட்டையை அன்றே வெளியேற்றுங்கள். ‘உதவும்’ என்று அலமாரித் தட்டுக்கு விரித்த அட்டையும் அதில் சேரும்.

செகண்ட்ஹாண்ட் இயந்திரம் எதுவானாலும், உள்ளே கொண்டுவருமுன் பின்தகடு கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளி இருந்தால் அது எச்சம்.

சரக்கு அறையில் தரையிலிருந்து 15 செ.மீ. உயரம், சுவரிலிருந்து இயன்றவரை இடைவெளி. கிடங்குகளில் 45 செ.மீ. விட்டு அந்தப் பட்டைக்கு வெள்ளையடிப்பார்கள். ஒரு புழுக்கை விழுந்தாலும் கண்ணில் படும். அத்தனை இடமில்லாவிட்டாலும் ஒரு கை நுழைந்து துடைக்க இடம் வேண்டும்.

அரிசியில் மூக்கு நீண்ட வண்டு, மாவில் செந்நிறத் தட்டை வண்டு; முதலாவது மணிக்குள் முட்டையிடும், இரண்டாவது தூளில் வாழும். எதற்கும் ஸ்பிரே கிடையாது. வந்த மூட்டையைத் தூக்கி எறிந்து, தட்டின் திருகுத் துளை, மூலைத்தூள் எல்லாம் வாக்குவம். சந்தேகமுள்ள சிறு பையை மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். நடுவரை உறையவேண்டும், ஆகவே 25 கிலோ மூட்டைக்கு இது உதவாது. டப்பாவில் பழைய மாவின்மேல் புதியதைக் கொட்டுவதுதான் பரம்பரைத் தொற்று.

#17 கல்லாப்பெட்டி

நான்காவது வாரக் கணக்கு. பொறி 4: 63-லிருந்து 3. தொட்டி அடி: 0. சரக்கு அறையில் சுண்டெலி மூன்று பிடிபட்டது, கடைசி பத்து நாள் பொறி காலி, கேஸ் குழாய் வட்டம் அடைத்தாயிற்று. வடிகால் நாடா சுத்தம்.

ஆனால் பொறி 9, காபி மெஷின், இன்னும் 11. ஜெல் தொடர்ந்து தீர்கிறது. மெஷினைத் தூக்கி அடியெல்லாம் துடைத்தாயிற்று. ஒப்பந்தக்காரர் ‘சுவரை ஒருதரம் அடித்துவிடுவோம்’ என்கிறார்.

#18 பொறிக்கணக்கு

வேண்டவே வேண்டாம். ஒப்பந்தக்காரரிடம் கேட்கவேண்டியது அடிப்பது அல்ல: ஒவ்வொரு வருகைக்கும் பொறிவாரி எண்ணிக்கை, வைத்த மருந்தின் மூலப்பொருள், அளவு, வைத்த இடம், அடைக்கவேண்டிய ஓட்டைகளின் பட்டியல். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத்தர அமைப்பின் உணவுச் சுகாதாரப் பொதுக் கோட்பாடுகளிலும் நுழைவைத் தடு, குடியிருப்பைக் கெடு, கண்காணி என்றுதான் வருகிறது; மருந்து அதற்கப்புறம்.

பொறி 9-இன் அட்டையில் எந்தப் பக்கம் அதிகம் ஒட்டியிருக்கிறது?

#19 கல்லாப்பெட்டி

இப்போதுதான் கவனிக்கிறேன். மெஷின் பக்கம் ஒன்றுதான். மீதிப் பத்தும் சுவர்ப் பக்க வாயில்.

#20 பொறிக்கணக்கு

அப்படியானால் கூடு மெஷினில் இல்லை, அதன் பின்னாலிருக்கும் மின்சாக்கெட் பெட்டியில். வயர் வரும் குழாய் வழியாகப் பக்கத்து அறைவரை அவற்றுக்கு நெடுஞ்சாலை. மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியனை வைத்து மூடியைக் கழற்றுங்கள். மூடியின் உட்புறத்தில் கரும்புள்ளி திட்டாகத் தெரிந்தால் அதுவேதான். மின்பெட்டிக்குள் திரவம், ஜெல் எதுவும் வேண்டாம்: வாக்குவம் முனை, பிறகு பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள பொந்தில் #9-இல் சொன்ன உலர்தூள் ஒரே ஒரு ஊதல், குழாய் வாயில் தீத்தடுப்புச் சீலண்ட், மூடியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சிலிக்கான் கோடு. அதே சுவரின் மறுபக்கத்தில் என்ன அறையோ, அங்கேயும் பொறி இரண்டு வையுங்கள்.